இரண்டு பெட்டிக்கும் நடுவில்

திருத்தணி
10.6.2024

அன்புள்ள மகன் இஸ்ரேலுக்கு,

நேற்று ஆராதனை முடிந்து வந்து உன் புது சி.டி.யைப் போட்டபோது நம் கூடத்தில் இருந்தவர்கள்: உன் நைனா, நான், அரக்கோணத்திலிருந்து வந்திருந்த பிரேமகுமாரி அத்தை, ரிப்பேர் பார்த்த ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்த ஜலால் பாய், நம் சபை ஆயர். வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், நடந்ததை நைனா உனக்குப் போனில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

நாங்கள் இருவரும் கர்த்தருடைய தயவில் இருக்கிறோம். நைனாவுக்குப் படி ஏறினால் முழங்கால் வலி. நீ சுகமா? ஈஸ்டருக்கு வரவில்லை. மே மாதமும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நைனா சி.டி.யைப் போட்டுவிட்டு, "கவனிங்க, என் மகன் கிளாரினெட் இப்ப வரும்" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கிற இசை, நம் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் ஒரே இரைச்சலாக வந்தது. ஆயர் மரியாதையாகத்தான் கேட்டார், "இதுல தம்பி எதுங்க ஐயா?" நைனா கையை இறக்கவில்லை. "வரும், வரும்" என்றார். இசையே முடிந்துவிட்டது.

அத்தை சும்மா இருப்பாளா? நைனாவைப் பார்த்து, "இன்னாடா எலியேசரு, எங்க வூட்டு குக்கரு இதைவிட தெளிவா விசிலடிக்கும்" என்றாள். ஜலால் பாய், "பேஸ் பத்தல சார். இம்மாம் பேர் வாசிக்கிறாங்க, தரை அதிர வேணாமா? கல்யாணத்துக்குக் குடுக்கிற பெட்டி ரெண்டு கொண்டாந்து வெக்கட்டா?" என்று கிளம்பிவிட்டார். "வேணாம் பாய், ஓடு பேந்து தலைமேல விழும்" என்று நான் தடுத்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிறு அவருக்கு எழுபது நிறைகிறது. அன்றைக்கு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். சபையார் முன்னால் இந்த சி.டி.யைப் போட்டு, உன்னைக் குறித்துச் சாட்சி சொல்லப்போகிறாராம். அதற்குள் உன் சத்தம் தனியாகத் தெரியவேண்டும் என்கிறார்.

இந்தப் பெட்டி விவகாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வரிசையாக எழுது. போனில் கேட்டால் நைனா ஸ்பீக்கரில் போட்டு, நான் கேட்பதற்கு முன்னால் அவரே பதில் சொல்கிறார். அதனால்தான் கடிதம்.

கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும்.

அம்மா,
ஜெபசெல்வி

⁂

மும்பை
18.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நைனாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஒரு பெட்டி கூடத்து பீரோமேலும் இன்னொன்று அடுப்படியிலும்தானே இன்னும் இருக்கிறது? சமைக்கும்போது உனக்கும் கேட்கட்டும் என்று நைனா ஆசையாகச் செய்தது. ஆனால் அம்மா, அது ஆர்கெஸ்ட்ராவை நடுவில் அறுத்து இரண்டு அறையில் போட்ட மாதிரி. இடது பெட்டியில் வயலின்காரர்கள், வலது பெட்டியில் செல்லோ மாதிரிப் பெரிய பிடில்கள். இத்தனை வருஷம் நீ வலது பாதியை மட்டும் கேட்டிருக்கிறாய், நைனா இடது பாதியை.

அடுப்படிப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவா. பீரோமேல் இருப்பதையும் இறக்கு. இரும்பு பீரோ சேர்ந்து அதிர்வதுதான் பாதி இரைச்சல். நீ நாற்காலியில் உட்கார்ந்தால் உன் காது எந்த உயரமோ அந்த உயரத்தில் இரண்டும் நிற்கட்டும். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி வை. ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொன்றுக்கும் உன் நாற்காலிக்கும். அடுப்புக்கு மூன்று கல் கூட்டுவதுபோல் நினைத்துக்கொள். எதிர்ச் சுவரில் கனமான ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிடு, எதிரொலி அடங்கும். அப்புறம், கோபித்துக்கொள்ளாதே, பெட்டிகளுக்கு நீ பின்னிப் போட்டிருக்கிற லேஸ் உறையைக் கழற்றிவிடு. சன்னமான சத்தமெல்லாம் அதில் மாட்டிக்கொள்கிறது.

என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ரூம், ஒத்திகை, ரூம்.

இஸ்ரேல்

⁂

திருத்தணி
29.6.2024

அன்புள்ள இஸ்ரேலுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். இங்கே இரண்டு மழை பெய்து புழுக்கம் குறைந்திருக்கிறது. ஒத்தடம் கொடுக்கிறேன். நைனா தூங்கிப்போகிறார்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. அடுப்படிப் பெட்டியின் முகத்துணியில் நம் வீட்டுத் தாளிப்பு அத்தனையும் இருந்தது. துடைக்கத் துடைக்கக் கடுகு வாசனை. நைனாவுக்கு அதை எடுக்கவே மனசில்லை. "அப்புறம் நீ எப்பிடி கேப்ப?" என்றார். "ஆங், கூடத்துல வந்து உக்காந்து கேக்கறேன்" என்றேன். நான் வேறு ஊர் பாஷை பேசியமாதிரி என்னைப் பார்த்தார்.

லேஸ் உறையைக் கழற்றினேன். திராட்சைக் கொத்து பின்னுவதற்கு எனக்கு ஒரு தபசு காலத்து நாற்பது நாளும் ஆனது. பரவாயில்லை, மிக்ஸிக்குப் போட்டுவிட்டேன். ஜலால் பாய் புது ஒயர் இழுத்துக் கொடுத்தார். உள்ளே உம்மென்று ஒரு சத்தம் இருந்தது. இன்வெர்ட்டரைத் தள்ளிவைத்ததும் போய்விட்டது. ஒயர் வாங்கியதைக் கணக்கு நோட்டில் எதில் எழுதுவது என்று யோசித்தேன். நைனா 'ரிப்பேர்' என்றார். நான் 'காணிக்கை'யில் எழுதினேன்.

முதலில் உன் பழைய சி.டி.யைப் போட்டேன், மூன்று வருஷம் முன்னால் கிறிஸ்துமஸுக்கு அனுப்பினாயே, அது. நைனா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நீ சொன்ன இடத்தில் நாற்காலியைப் போட்டு, ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்தேன்.

இஸ்ரேல், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில், பைபிள் வசன அட்டைக்குக் கீழே, அங்கே பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சுவர். அங்கிருந்து நீ ஊதுகிறாய். எழுந்துபோய் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர்தான். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி அங்கே இருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் முன்பல் உடைந்ததிலிருந்து, ஊதுவதற்கு முன்னால் கடைவாயால் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுப்பாயே, பேண்டு மாஸ்டர் எவ்வளவு திட்டியும் விடவில்லையே, அதுகூடக் கேட்கிறது. நான் சத்தமாக அழுதுவிட்டேன். எதிர்வீட்டு மணியம்மை, "இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தாள். அவளையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன்.

அடுத்து புது சி.டி.யைப் போட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

அம்மா

⁂

மும்பை
12.7.2024

அம்மா,

சுகம். வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

கேட்டதில் சந்தோஷம். பழைய சி.டி.யே நல்ல பதிவு. புதியதில் மைக்கைத் தூரமாக வைத்துவிட்டார்கள், ஊதல்கள் எல்லாம் மங்கலாக இருக்கும். அதை வைத்துப் பெட்டியைச் சோதிக்காதே. கூட்டத்துக்கும் பழையதையே போடச் சொல்.

இஸ்ரேல்

⁂

திருத்தணி
2.8.2024

அன்புள்ள இஸ்ரேலுக்கு,

நாங்கள் நலம். உனக்கு இருமல் தொந்தரவு ஏதும் இல்லையே? அங்கே மழை அதிகம் என்று செய்தியில் சொல்கிறார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டம் இன்னும் முழுசாகக் கலையவில்லை. நாலு நாள் காவடியும் மேளமும் மலைமேல் ஸ்பீக்கரும். நம் தெருவில் ஜனங்கள் ஆறாக ஓடினார்கள். வாசலில் பானை வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அதனால் சி.டி. போடவில்லை. நேற்று மதியம்தான் ஊர் கொஞ்சம் அடங்கியது.

மைக் தூரம் என்றாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. ரொம்பத் தெளிவாக இருக்கிறது. தாள் புரட்டுவதுகூடக் கேட்கிறது. ஆரம்பிப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் இருமுகிறார். அவர் வலது பெட்டிக்கும் அந்தாண்டை, காலண்டர் மாட்டியிருக்கிற மூலையில் இருக்கிறார். அது யார் என்று உனக்குத் தெரியுமா?

கிளாரினெட் நடுவிலிருந்துதான் வருகிறது. இனிமையாக இருக்கிறது. பிசிறே இல்லை.

பல்லுக்கு ஏதாவது வைத்தியம் பார்த்தாயா? மூச்சு இழுக்கிற பழக்கத்தை விட்டுவிட்டாயா?

நைனாவிடம் இன்னும் போட்டுக் காட்டவில்லை. பதில் எழுது.

அம்மா

⁂

திருத்தணி
20.8.2024

அன்புள்ள இஸ்ரேலுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன். நாங்கள் சுகம்.

ஞாயிறு அன்று போனில் நைனாவோடு பேசினாய். நானும் பக்கத்தில்தான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். "சாட்சிக்கு எழுதிக்கினு இருக்கேன்டா, இப்ப நீ முதல் கிளாரினெட்டா ரெண்டாவதா?" என்று கேட்டார். நீ, "ஒண்ணாவதுதான் நைனா" என்றாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டாய். ஒரே ஒரு தடவை 'அம்மா' என்றாய், உடனே சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய்.

நைனா பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். ஆர்.கே.பேட்டையிலிருந்தும் உறவுக்காரர்கள் வருகிறார்கள். கொல்லையில் நடந்துகொண்டே சாட்சியை மனப்பாடம் பண்ணுகிறார். "இந்த நிமிஷம் நீங்க கேக்கறது என் மகனோட மூச்சு" என்று ஒரு வரி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி, தனக்குத்தானே தலையாட்டிக்கொள்கிறார்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

அம்மா

⁂

மும்பை
30.8.2024

அம்மா,

பல்லுக்கு ஒன்றும் பண்ணவில்லை. ஊதுகிற முனையைப் புதிதாக மாற்றியிருக்கிறேன். அதில் மூச்சுச் சத்தம் வராது.

நான் யோசித்துப் பார்த்தேன். பெட்டிகள் கூடத்தில் நடுவாக நின்றால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள். பழையபடி ஒன்றை பீரோமேலும் ஒன்றை அடுப்படியிலும் வைத்துவிடு. லேஸ் உறையையும் போட்டுவிடு, தூசி அடையும். அப்போது நீ சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

இஸ்ரேல்

⁂

திருத்தணி
6.9.2024

மகன் இஸ்ரேலுக்கு நைனா எலியேசர் எழுதுவது.

நலம், நலமறிக. இந்தக் கடிதம் உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கார்டாக இருந்தவன் நான். வண்டியில் எந்தப் பெட்டி ஒழுங்காக ஓடவில்லை என்பது கடைசியில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். வீட்டில் எதுவோ சரியாக ஓடவில்லை. உன் அம்மா புது சி.டி.யை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்டால், "தேடிக்கினு இருக்கேன்" என்கிறாள். ஊசி விழுந்தாலும் எடுத்து வைத்துக்கொள்கிறவள், சி.டி.யைத் தொலைப்பாளா? நான் வெளியே போனால் பழைய சி.டி.யைப் போட்டுக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று நான் உள்ளே வந்தது தெரியாமல், இரண்டு பெட்டிக்கும் நடுவில் சுவரைப் பார்த்து, "ஏன்டா சொல்ல மாட்டேங்கிற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் வெளியே போய்ச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தேன்.

உன் மேல் அவளுக்கு ஏதோ மனத்தாங்கல். நீ வராததுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. கிளாரினெட்டையும் கொண்டுவா. சி.டி. கிடைக்காவிட்டால் நீயே நேரில் ஊதிவிடலாம், எனக்கு அது இன்னும் விசேஷம்.

நைனா

⁂

மும்பை
14.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நைனா எழுதியிருந்தார். சுவரைப் பார்த்து நீ என்ன கேட்டாய் என்றும் எழுதியிருந்தார். இனி எழுதாமல் இருக்க முடியாது.

ஜனவரியில் ஒருநாள் காலை பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் நிற்கவில்லை, தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வலது பக்க முகம் தொங்கியிருந்தது. கண் மூடவில்லை. பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கிப்போயிருக்கிறது, தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். கண் சரியாகிவிட்டது. சாப்பிட முடிகிறது. உதடு மட்டும் அந்தப் பக்கம் இறுக மூட மாட்டேன் என்கிறது. கிளாரினெட்டை வைத்தால் பக்கவாட்டில் காற்று போய்விடுகிறது. ஒரு வருஷம் ஆகலாம், இப்படியே நின்றுவிடவும் செய்யலாம் என்கிறார்கள்.

குழுவில் நல்லவிதமாகத்தான் நடத்துகிறார்கள். நாற்காலி போட, தாள்களை எடுத்து வைக்க என்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். என் நாற்காலியையும் நான்தான் போடுகிறேன். அதில் கதிரவன் என்று ஒரு பையன் உட்காருகிறான். நன்றாக வாசிப்பான். நீயே கேட்டாய்.

சி.டி. அனுப்பாவிட்டால் நைனா ஏன் என்று கேட்பார். அதற்குப் பயந்து அனுப்பினேன். பெட்டிகளைச் சரிபண்ணச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அப்படியும் நம் வீட்டுப் பெட்டியில் ஆள் வித்தியாசம் தெரியாது என்று நம்பினேன்.

அம்மா, நைனாவிடம் சொல்லாதே. பழைய சி.டி.யைப் போட்டு அந்த ஒரு நாளைக் கடத்திவிடு. அது நான்தானே. பொய் இல்லையே. நான் வரவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

இஸ்ரேல்

⁂

திருத்தணி
20.9.2024

என் மகன் இஸ்ரேலுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன், முன்பு பெட்டி இருந்த இடத்தில். கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஜனவரியிலிருந்து உன் முகத்தை யார் கையில் ஏந்திப் பார்த்தார்கள்? கண் மூடாமல் எப்படித் தூங்கினாய்? கஞ்சி குடிக்கும்போது யார் துடைத்துவிட்டார்கள்? இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். வேலை போனதை நான் நினைக்கவே இல்லை.

ஆகஸ்டு முதல் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் ஊதியது நீ இல்லை. அந்தப் பையன் மூச்சு இழுப்பதே தெரியவில்லை. போனிலும் தெரிந்தது. 'நைனா' என்று கூப்பிட உதடு ஒட்ட வேண்டாம், அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. 'அம்மா' என்று கூப்பிட உதடு ஒட்டவேண்டும். அதில் காற்று போனது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பத்து நாள் தூங்கவில்லை.

ஆனால் அந்த சி.டி.யில் நீ இருக்கிறாய். ஆரம்பிப்பதற்கு முன்னால் மூலையில் இருமியது நீதான். தூசி பட்டால் இரண்டு தடவை இருமி, ஒரு தடவை தொண்டையைச் செருமுவாய். பெற்றவளுக்கு அது தெரியாதா? நீ பதில் எழுதாமல் விட்டபோதே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ நாற்காலி எல்லாம் போட்டுவிட்டு ஓரத்தில் நின்றிருக்கிறாய். பெட்டிகளை நீ சொல்லிக்கொடுத்தபடி வைத்திராவிட்டால் அந்த மூலை எனக்குக் கேட்டிருக்காது.

பழைய சி.டி.யைப் போடலாம் என்கிறாய். நானும் நினைத்தேன். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் நைனா ஆண்டவர் பேரில் எழுந்து நின்று, "இந்த நிமிஷம் நீங்க கேக்கறது என் மகனோட மூச்சு" என்று சொல்லும்போது, நான் பக்கத்தில் நின்று ஆமென் சொல்லவேண்டும். தெரிந்துகொண்டு சொல்ல என் வாய் எழும்பாது. சொல்லாமல் நின்றால் அத்தனை பேர் முன்னால் அவர் முகம் என்னாகும்?

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். நைனாவிடம் நான் சொல்லமாட்டேன். அது உன் வாயால் வரவேண்டும், இப்போது இருக்கிற இந்த வாயால். அவர் என்னை நேராகக் கேட்டால் மறைக்கவும் மாட்டேன். நேற்று கேட்டுவிட்டார். "ஜெபா, பையனுக்கு இன்னா? உள்ளதைச் சொல்லு." "அவனே வந்து சொல்லட்டுங்க" என்றேன். அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் கொல்லையில் நடக்கவும் இல்லை.

பெட்டிகளை நான் நகர்த்தவில்லை. உறையும் போடவில்லை. ஜமுக்காளம் அப்படியே தொங்குகிறது. நாற்காலியை மட்டும் அகற்றிவிட்டுப் பெஞ்சைப் போட்டிருக்கிறேன். நீயும் நைனாவும் நானும் நெருங்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை வந்துவிடு. மும்பை வண்டி அரக்கோணத்தில் நிற்கும். நைனாவுக்கு முழங்கால் வலி, நான் தனியாகவே ஆட்டோ பேசிக்கொண்டு வருகிறேன். அந்தப் பிளாட்பாரத்திலேயே உன் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். அழமாட்டேன்.

எந்த வண்டி என்று எழுது. வரமுடியாது என்றால் அதையும் எழுது. எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.

அம்மா